குழுவை ஒன்றாக இயங்கச் செய்வது எப்படி? தலைமைப் பொறுப்பேற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குழு சரியாக இயங்குகிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் தலைவரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் குழுவில் ஒரு வேலை தடுமாறத் தொடங்கினால், அது உங்கள் காதுக்கு எத்தனை நாளில் வந்து சேர்கிறது? அன்றே வந்துவிடுகிறது என்றால், அந்தக் குழுவில் சிறு சிறு உரசல்கள் இருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கெடு முடிந்த பிறகுதான் தெரிகிறது என்றால், எல்லோரும் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் ஏதோ பழுதாகியிருக்கிறது. யாருடைய வேலை எது என்பது தெளிவாக இருக்கிறதா, ஆட்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா, தலைவரிடம் அச்சமின்றிப் பேச முடிகிறதா ஆகிய மூன்றும் அந்த ஒரு விடைக்குள் அடங்கிவிடுகின்றன.

ஐந்து முதல் பன்னிரண்டு பேர் வரையுள்ள ஒரு குழுவின் பொறுப்பைப் புதிதாக ஏற்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது. முதல் மூன்றையும் செய்யாமல் ஐந்தாவதிலிருந்து தொடங்கியவர்கள் மீண்டும் முதலுக்கே திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 1: முதல் இரண்டு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள்

பொறுப்பேற்ற முதல் நாளிலேயே மாற்றங்களை அறிவிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொண்டு, குழுவில் உள்ள ஒவ்வொருவருடனும் தனித்தனியாக அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. நான் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாத அளவுக்கு இப்போது நன்றாக நடப்பது எது? உங்கள் வேலையை அடிக்கடி நிறுத்திவைப்பது எது? உங்களுக்கு வேலை யாரிடமிருந்து வருகிறது, முடித்தபின் யாருக்குப் போகிறது?

மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும், அதிலிருந்துதான் எனக்கு எப்போதும் அதிகம் கிடைத்திருக்கிறது. ஒரு பெரிய தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதி, அவரவர் சொன்னபடி அம்புக்குறிகளை வரையுங்கள். "இதை நான் அவருக்குக் கொடுக்கிறேன்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். அந்த இன்னொருவரோ அப்படி ஒன்று தன்னிடம் வருவதாகவே சொல்லியிருக்க மாட்டார். அம்பு இப்படி அந்தரத்தில் நிற்கும் இடங்களில்தான் குழு பலவீனமாக இருக்கிறது. நான் முதன்முதலில் ஏழு பேர் கொண்ட குழுவின் பொறுப்பை ஏற்றபோது, மாதாந்தர அறிக்கையின் எண்களை மூலக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இரண்டு பேர், மற்றவர் செய்கிறார் என்று நினைத்து, செய்யாமல் விட்டிருந்தது இந்தத் தாளில்தான் வெளிப்பட்டது. நான்கு மாத அறிக்கைகள் யாரும் சரிபார்க்காமலேயே போயிருந்தன. இருவருமே பொறுப்பானவர்கள், நல்ல நண்பர்களும்கூட; ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது என்ற மரியாதையால்தான் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சுற்றில் பெரிய வாக்குறுதி எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் பலரும் சொன்ன தடைகளில் சிறிய ஒன்றை, ஓர் அனுமதி தாமதமாவதையோ ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் இருப்பதையோ, அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே நீக்கிக் காட்டுங்கள். சொன்னால் நடக்கும் என்று ஒருமுறை கண்டவர் அடுத்த முறையும் சொல்வார்.

படி 2: இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

குழுவினர் அனைவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அடுத்த மூன்று மாதத்தில் நாம் முடித்துக்கொடுக்க வேண்டியது என்ன என்பதை ஆளுக்கொரு சீட்டில், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளைப் படிக்கும்போது வரும் வேறுபாடுகளே அன்றைய கூட்டத்தின் பொருள். பேசி ஒரு வாக்கியத்துக்கு வந்ததும், அதற்குக் கீழே "இந்த மூன்று மாதத்தில் நாம் செய்யப்போவதில்லை" என்று தலைப்பிட்டு இரண்டு மூன்று வேலைகளையும் எழுதிவையுங்கள். குழுவுக்குள் வரும் வாக்குவாதங்களில் பாதி, அந்தக் கீழ்ப்பகுதி எழுதப்படாததால் வருபவை.

படி 3: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர்

பிரான்சைச் சேர்ந்த வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்த முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட மொத்த இழுவிசை கூடியது. ஆனால் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அது குறைந்துகொண்டே போனது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க முடியாமல் போவது அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் பிற்காலத்தில் தெளிவானது. 1974-இல் நடந்த ஒரு சோதனையில், பங்கேற்றவரின் கண்ணைக் கட்டி, பின்னால் வேறு சிலரும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவர்தான், ஆனாலும் அவருடைய இழுவை குறைந்தது. 1979-இல் உளவியலாளர் பிப் லத்தானேயும் அவருடைய சகாக்களும் கைதட்டலையும் கூச்சலையும் வைத்து இதையே கண்டார்கள். தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் மனிதருடைய முயற்சி தானாகவே தளர்கிறது. சோம்பேறி என்று பெயர் வாங்காதவருக்கும் அது நேர்கிறது.

ஆகவே "நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு வேலையை ஒப்படைப்பது, அதை யாரிடமும் ஒப்படைக்காததற்குச் சமம். பலர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தாலும் அதற்குப் பொறுப்பாளர் ஒருவரே இருக்க வேண்டும். அவர் பெயர், முடிக்க வேண்டிய நாள், முடிந்தது என்றால் என்ன என்பதன் விளக்கம் ஆகிய மூன்றும் எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "பயிற்சிக் கையேட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்று சொன்னால் ஒருவர் எழுத்துப்பிழை திருத்தி அனுப்புவார், இன்னொருவர் முழு அத்தியாயத்தையே மாற்றி எழுதத் தொடங்குவார். "கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள படிகளை நீங்களே ஒருமுறை செய்து பார்த்து, தவறாக இருப்பவற்றைத் திருத்தி, வியாழன் மாலைக்குள் எனக்கு அனுப்புங்கள், நடையை இப்போது மாற்ற வேண்டாம்" என்று சொன்னால் ஒரே ஒரு வேலைதான் நடக்கும்.

பொறுப்பைக் கொடுக்கும்போது, எதுவரை அவரே முடிவெடுக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பொறுப்பு ஒருவரிடமும் முடிவு இன்னொருவரிடமும் இருந்தால், பொறுப்பானவர் சில நாளிலேயே வெறும் தகவல் கடத்துபவராகிவிடுவார்.

குழுவின் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள் உள்ளன. பத்துப் பேர் என்றால் அது 45 ஆகிறது. மென்பொருள் துறையில் பெரிய திட்டங்களை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் இந்தக் கணக்கை வைத்துத்தான், ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று 1975-இல் எழுதினார். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம்தான் போகும். கெடு நெருங்கும் நேரத்தில் ஆள் கேட்பதைவிட, வேலையில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

படி 4: வேலை கைமாறும் இடத்தைக் கவனியுங்கள்

ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வேலை போகும் இடத்தில்தான் பொருள் விழுந்து உடைகிறது. கொடுப்பவர் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: எதுவரை முடிந்திருக்கிறது, எது மீதம், எதில் எனக்கு ஐயம், அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும். வாங்குபவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். மின்னஞ்சலில் கோப்பை இணைத்து அனுப்பிவிட்டால் கைமாற்றம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை மட்டும் குழுவில் வளரவிடாதீர்கள்.

படி 5: கெட்ட செய்திக்கு வழி திறந்துவையுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றப் படிகளைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், இதைத் தளர்த்த முடியாது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தெளிவில்லாமல் போன வானொலிப் பேச்சு என்று பல காரணங்கள் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் அவற்றில் மேலெழப் புறப்பட்ட விமானத்தின் விமானி அறை ஒலிப்பதிவில் ஒரு நொடி இருக்கிறது. விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்கிறார். நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவரான கேப்டன், விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு ஐயம் இருந்தது, வாய் திறந்து கேட்டும் விட்டார். மூத்தவர் ஒரு சொல்லில் மறுத்ததும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுபோனது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் எப்படி வற்புறுத்திச் சொல்வது, மூத்தவர் எப்படிக் காது கொடுப்பது என்பது விமானிகளின் பயிற்சியில் ஒரு பாடமாகவே சேர்க்கப்பட்டது.

மருத்துவமனைக் குழுக்களில் நேரும் மருந்துத் தவறுகளை 1990-களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன: நல்ல குழுக்களிலேயே அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார்கள் என்பதே அதற்கான விளக்கமாக அவருக்குப் பட்டது. பேசினால் அவமானப்பட மாட்டோம் என்று குழுவினர் பொதுவாக நம்புவதை 1999-இல் வெளியான ஆய்வில் அவர் உளவியல் பாதுகாப்பு என்று குறிப்பிட்டார். உங்கள் குழுவில் பல மாதங்களாக ஒரு தவறும் உங்கள் காதுக்கு வரவில்லை என்றால் மகிழ்ச்சியடைய அவசரப்படாதீர்கள்.

இந்த நம்பிக்கை அறிவிப்பால் வராது. "என் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று சொல்லாத தலைவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கதவு வழியாக யாரும் வராத குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவரிடம் நீங்கள் நடந்துகொண்ட விதத்தை வைத்தே மற்ற அனைவரும் முடிவெடுக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒருவர் உங்கள் மேசைக்கு அருகே வந்து நிற்கிறார். காலையில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கோப்பு பழைய பதிப்பு என்பதை இப்போதுதான் பார்த்ததாகச் சொல்கிறார். "எப்படி இதைக் கவனிக்காமல் விட்டீர்கள்?" என்பதுதான் உங்கள் வாயில் முதலில் வரும். அதை விழுங்கிவிட்டு, "உடனே சொன்னது நல்லதாகப் போயிற்று. அவர்கள் அந்தக் கோப்பை வைத்து ஏதாவது செய்துவிட்டார்களா? சரியான பதிப்பை நீங்கள் அனுப்புங்கள், நான் அவர்களிடம் தொலைபேசியில் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். தவறு ஏன் நேர்ந்தது என்ற கேள்வியை இரண்டு நாள் கழித்து, இரண்டு பதிப்புகளுக்கும் ஒரே கோப்புப் பெயர் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தாலும், உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டொயோட்டாவின் உற்பத்தி வரிசையில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கக்கூடிய ஒரு கயிறு உண்டு. இழுத்தால் ஆலையே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்ததும் முதலில் நடப்பது, அந்தக் குழுவின் தலைவர் அவரிடம் வந்து நிற்பதுதான். குறிப்பிட்ட நேரத்துக்குள் இருவராலும் சரிசெய்ய முடியாவிட்டால் மட்டுமே வரிசை நிற்கும். நம் குழுக்களுக்கும் அப்படி ஒரு கயிறு தேவை. "ஒரு வேலையில் அரை நாளுக்கு மேல் முட்டி நின்றால் குழுவுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் அன்றே யாராவது ஒருவர் வந்து உட்கார வேண்டும்" என்ற எளிய ஒப்பந்தம் போதும். வந்து உட்காருவது நடக்காமல் போனால் கயிற்றை இழுப்பதும் நின்றுவிடும்.

கூடவே, உங்கள் தவறை நீங்கள் முதலில் சொல்லுங்கள். மாதம் ஒருமுறையாவது, "போன வாரம் நான் இதைத் தவறாகக் கணித்தேன், அதனால் உங்களில் இருவருக்கு இரண்டு நாள் வீணானது" என்று எண்ணிக்கையோடு சொல்லும் தலைவரிடம் பேசுவது எளிது.

படி 6: கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள்

தலைவர் தன் கருத்தைச் சொல்லிவிட்டு "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், அது ஒப்புதல் கேட்பதாகத்தான் காதில் விழும். முக்கியமான முடிவுகளில் எல்லோரும் முதலில் இரண்டு நிமிடம் எழுதட்டும். பிறகு குழுவில் புதியவரோ இளையவரோ முதலில் பேசட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். 1961-இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா மேற்கொண்ட படையெடுப்பு தோல்வியில் முடிந்தபோது, ஆலோசகர்கள் தங்கள் ஐயங்களை வெளியே சொல்லாமல் விட்டது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது குடியரசுத் தலைவர் கென்னடி, தான் இருந்தால் மற்றவர்கள் தயங்குவார்கள் என்பதால் ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றில் கலந்துகொள்ளவே இல்லை. நீங்களும் எப்போதாவது கூட்டத்தை மற்றவர் பொறுப்பில் விட்டு வெளியே வந்து பாருங்கள்.

கூட்டம் முடியும்போது யார், எதை, எந்த நாளுக்குள் என்ற குறிப்பை அங்கேயே படித்துக்காட்டுங்கள். வெறும் தகவலைத் தெரிவிக்கும் கூட்டத்தை எழுத்தில் அனுப்பி, அந்த நேரத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள்.

படி 7: மனத்தாங்கலை ஊறவிடாதீர்கள்

குழுக்கள் உருவாகும் விதத்தைப் பற்றி 1965-இல் எழுதிய புரூஸ் டக்மன், அறிமுகம், மோதல், ஒழுங்கு, செயல்பாடு என நான்கு கட்டங்களைச் சொன்னார். எல்லாக் குழுவும் அதே வரிசையில் செல்வதில்லை என்றாலும், மோதலை ஒரு கட்டமாகவே அவர் வைத்தது எனக்குப் பிடித்த செய்தி. ஆரம்பத்தில் வரும் வாக்குவாதம் குழு உடைவதன் அறிகுறி என்று பதற வேண்டியதில்லை.

இருவருக்குள் பிணக்கு என்று தெரிந்தால், முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். நடந்தது என்ன, அதனால் உங்கள் வேலையில் என்ன பாதிப்பு என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மற்றவரின் குணத்தைப் பற்றிய பேச்சை வளர்க்காதீர்கள். பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் சொன்னதை மற்றவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகே இரண்டாமவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். மெதுவாக நடக்கும், சில நேரம் சங்கடமாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான பிணக்குகளின் அடியில், மூன்றாவது படியில் எழுதாமல் விட்ட ஏதோ ஓர் எல்லை இருப்பதை அப்போது காண்பீர்கள். அதை எழுதிவிட்டால் சண்டைக்கான காரணம் போய்விடும்; மனம் ஆறுவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

திறமையானவர், ஆனால் சக ஊழியர்களை எல்லோர் முன்னிலும் மட்டம்தட்டுகிறார் என்ற நிலை வந்தால், அவருடைய திறமையைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். அவர் பேசும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் தங்கள் ஐயங்களை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். அவர் மட்டும் தனியாகத் தரும் பலன், அப்படி மூடிய வாய்களால் வரும் இழப்பை ஈடுகட்டி நான் பார்த்ததே இல்லை.

படி 8: தனிப்பேச்சும் திருத்தமும்

வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அது அவருடைய நேரம் என்பதால் முதலில் அவர் பேசட்டும். வேலை நிலவரம் கேட்பதற்கு அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவசர வேலை வந்ததும் இந்தச் சந்திப்பைத்தான் முதலில் ரத்து செய்யத் தோன்றும். தொடர்ந்து ரத்தானால் நீங்கள் அவருக்குத் தரும் இடம் என்ன என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

பாராட்டும்போது "அருமை" என்று முடித்துவிடாமல், எதைக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள்: "புதியவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் உட்கார்ந்து விளக்கியதால், அவர் மறுநாளே தனியாக வேலையை முடித்தார்." திருத்தும்போது தனியாக, நாள் கடத்தாமல், இப்படிப் பேசுங்கள்: "செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவர் பேசி முடிப்பதற்குள் மூன்று முறை குறுக்கிட்டீர்கள். அதன்பிறகு அவர் பேசவே இல்லை. அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அவர் சொல்லும் காரணம் பலமுறை நீங்கள் நினைத்ததாக இருக்காது.

குழுவுக்கு வெளியே பேசும்போது ஒழுங்கு வேறு. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் முதல் பயணம் தோல்வியடைந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்தார். 1980 ஜூலையில் வெற்றி பெற்றபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேச அனுப்பினார். கலாம் அதைப் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

படி 9: ஒரு வாரம் விலகி நின்று பாருங்கள்

ஆறு மாதம் கழித்து, ஒரு வாரம் உண்மையாகவே விடுப்பு எடுங்கள். தொலைபேசியில் குறுக்கிடாதீர்கள். திரும்பி வந்ததும் இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். உங்களுக்காகக் காத்திருந்த முடிவுகள் எல்லாம் முதல் பட்டியல். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே குழுவில் ஒருவரின் பெயரையும், அவர் எதுவரை தாமே முடிவு செய்யலாம் என்பதையும் எழுதி, அந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் தவறிப்போனவையும், அவை யார் மூலம், எந்த நாளில் உங்களுக்குத் தெரியவந்தன என்பதும் இரண்டாவது பட்டியல். நீங்கள் இருக்கையில் அமர்ந்த முதல் மணி நேரத்திலேயே, கேட்காமலே, யாராவது வந்து சொல்லியிருந்தால் ஐந்தாவது படி வேர்பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் வெளியாள் ஒருவரின் மின்னஞ்சலில்தான் தெரிந்தது என்றால், அந்தச் செய்தி யாரிடம் தங்கி நின்றது என்று கண்டுபிடித்து, அவரைக் குற்றம் சாட்டாமல், முதல் படியில் கேட்ட இரண்டாவது கேள்வியை அவரிடம் மீண்டும் கேளுங்கள்.